விலையையே தலைப்பாக வைத்தவர்: பிரான்சின் விளம்பரக்கார நாவலாசிரியர்கள்

கேள்வி: பிரான்சில் பிராண்டிங் துறையில் பெரிய பதவியில் இருக்கும் ஒருவர் நாவலும் எழுதுகிறார் என்று படித்தேன். பகலெல்லாம் தயிருக்கும் காருக்கும் வாசகம் எழுதிவிட்டு ராத்திரி உட்கார்ந்து இலக்கியம் எழுத முடியுமா? அப்படி எழுதியது தேறுமா?

முடியும். சிலது தேறியும் இருக்கிறது. நீங்கள் யாரைப் பற்றிப் படித்தீர்கள் என்று சொல்லாததால், எனக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு பேரை எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் ஃபிரெடெரிக் பெக்பெடே. மற்றவர் கிரேகுவார் தெலாகூர். இருவருமே விளம்பரத்தில் ஊறியவர்கள், இருவருடைய புத்தகங்களும் லட்சக்கணக்கில் விற்றவை. இருவரும் ஆளுக்கொரு விதத்தில் தங்கள் எழுத்தாலேயே வம்பில் மாட்டியவர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளம்பரக்காரர் நாவல் எழுத வந்தால் பளிச்சென்ற வாக்கியங்களோடு வருவார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வருகிறார்தான். ஆனால் அந்தப் பளிச்சுதான் பெரும்பாலும் அவருடைய பலவீனம். அவரிடம் இருக்கிற நிஜமான சரக்கு வேறு: ஒரு பெயர் என்ன வேலை செய்யும், ஒரு விலை என்ன வேலை செய்யும் என்று அவருக்குத் தெரியும். கல்லூரியில் இலக்கியம் படித்துவிட்டு நேரே நாவலுக்கு வந்தவருக்கு அது அவ்வளவு சுலபத்தில் வராது.

பெக்பெடேயில் தொடங்குவோம். 1965-ல் பாரிசை ஒட்டிய நெய்யியில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சியான்ஸ் போ என்ற பெயர்பெற்ற கல்வி நிறுவனத்தில் படித்துவிட்டு யங் அண்ட் ரூபிகாம் என்ற விளம்பர ஏஜென்சியின் பாரிஸ் கிளையில் வாசகம் எழுதப் போனார். கிட்டத்தட்ட பத்து வருடம் அங்கே இருந்தார். வொண்டர்பிரா உள்ளாடை போஸ்டரில் ஒரு பெண் நம்மைப் பார்த்து "என் கண்ணைப் பாருங்கள்... கண்ணை என்று சொன்னேன்" என்பாள். தொண்ணூறுகளில் பிரான்ஸ் முழுக்கப் பேசப்பட்ட அந்த வாசகம் இவர் எழுதியது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏஜென்சியில் இருந்துகொண்டே அவர் மூன்று நாவல் வெளியிட்டுவிட்டார், 1990, 1994, 1997 என்று. இரவு விடுதி, காதல், விவாகரத்து என்று போகிற புத்தகங்கள். அதற்கெல்லாம் ஏஜென்சி ஒன்றும் சொல்லவில்லை. எழுத்தாளர் ஒருவர் நம்மிடம் வேலை பார்க்கிறார் என்று கிளையன்டிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூட அது உதவும். ஆகவே "வேலையும் நாவலும் ஒத்துப்போகுமா" என்ற உங்கள் கேள்விக்கு அந்த ஏழெட்டு வருடங்கள் ஒரு பதில். நாவல் வேறு எதைப் பற்றியாவது இருக்கிறவரை ஒத்துப்போகும்.

2000-ல் கிராசே பதிப்பகம் வெளியிட்ட நாவல் அந்த ஏற்பாட்டை முறித்தது. தலைப்பு '99 பிராங்க்'. கதாநாயகன் ஆக்டேவ் பராங்கோ, வயது 33, ராஸரிஸ் அண்ட் விட்ச்கிராஃப்ட் என்ற ஏஜென்சியில் வாசக எழுத்தாளன். அந்தப் பெயரின் ஓசை எந்த நிறுவனத்தை நினைவுபடுத்துகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேலையிலிருந்து தூக்கப்படுவதற்காகவே இந்தப் புத்தகத்தை எழுதுகிறேன் என்று ஆக்டேவ் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். தானாக ராஜினாமா செய்தால் நஷ்டஈடு கிடைக்காதாம். வெளிநாட்டு வாசகர்கள் இதை நக்கல் என்று நினைத்துக் கடந்துபோய்விடுவார்கள். பிரெஞ்சுச் சம்பளக்காரருக்கு இது வீட்டுக் கணக்கு. அங்கே ராஜினாமா செய்பவருக்குப் பொதுவாக வேலையிழப்புப் பணமும் இல்லை, பணிநீக்க நஷ்டஈடும் இல்லை. நிறுவனம் அனுப்பினால்தான் உண்டு. சரி, கதையில் சொன்னது நிஜத்திலும் நடந்தது. புத்தகம் வந்த கொஞ்ச நாளிலேயே யங் அண்ட் ரூபிகாம் அவரை வெளியே அனுப்பிவிட்டது.

நாவலில் என்னை மிகவும் ஈர்த்தது மீட்டிங் காட்சிகள்தான். மடோன் என்றொரு பால்பொருள் நிறுவனம். டானோன் ஞாபகம் வந்தே தீரும். அவர்களுடைய கொழுப்பில்லாத தயிருக்கு விளம்பரப் படம் வேண்டும். ஏஜென்சிக்காரர்கள் ஐடியாவோடு போகிறார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மார்க்கெட்டிங் தலைவர் ஆல்ஃப்ரெட் துலேர். அவர் ஐடியாவை ஒரேயடியாக நிராகரிப்பதே இல்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று செதுக்கிக்கொண்டே போவார். முடிவில் மிச்சமிருப்பது எந்தத் தயிருக்கும் பொருந்துகிற படம்.

பிரெஞ்சுத் தொலைக்காட்சி விளம்பர உலகத்தில் அப்போது கடவுளுக்கு நிகராக ஒரு ஆள் இருந்தார்: "ஐம்பது வயதுக்குக் கீழ் உள்ள இல்லத்தரசி". விளம்பர நேரத்தின் விலையே அந்தக் கற்பனைப் பெண்மணி எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கில்தான் தீர்மானிக்கப்பட்டது. அவளுக்குப் புரியாது, அவளுக்குப் பிடிக்காது, அவள் முகம் சுளிப்பாள் என்று கோட்டு போட்ட ஆண்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். அந்த அறையில் உட்கார்ந்து பார்க்காதவரால் எழுத முடியாத பக்கங்கள் இவை. நம் ஊரில் "லோகோவைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்" என்று கிளையன்ட் சொல்லக் கேட்டு நொந்தவர்கள் படித்தால் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். புத்தகத்தின் விலை 99 பிராங்க், தலைப்பும் 99 பிராங்க். அட்டையைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் புரிகிற குறும்பு. ஆனால் இது பிரான்சில்தான் சரியாக வேலை செய்யும். ஏன் என்றால் 1981 ஆகஸ்டில் கொண்டுவந்த சட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. அப்போதைய கலாசார அமைச்சர் ழாக் லாங் பெயரில் லாங் சட்டம் என்பார்கள். புத்தகத்தின் விலையைப் பதிப்பாளர்தான் நிர்ணயிப்பார். நாடு முழுக்க எந்தக் கடையும், பெரிய சூப்பர்மார்க்கெட்டாகவே இருந்தாலும், 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தரக்கூடாது. ஆகவே அட்டையில் விலையைப் பெயராகப் போட்டால் அது கிராமத்துக் கடையிலும் பாரிசிலும் கிட்டத்தட்ட உண்மையாகவே இருக்கும். முழு 5 சதவீதத்தையும் கழித்துக் கொடுக்கும் கடையில் மட்டும் 94 பிராங்க் 5 சாந்தீம் (நூறு சாந்தீம் ஒரு பிராங்க்) ஆகி, தலைப்பு லேசாகப் பொய்யாகும். கடைக்காரர் இஷ்டத்துக்குப் பாதி விலையில் தள்ளிவிடுகிற நாட்டில் இந்தக் குறும்பு முதல் வாரமே செத்துப்போயிருக்கும்.

அப்புறம் 2002 ஜனவரியில் யூரோ நோட்டு வந்தது. பிராங்க் போனது. தலைப்பு என்ன ஆகும்? மாற்றிவிட்டார்கள். புதிய பதிப்பின் பெயர் '14,99 யூரோ'. இந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு யூரோவுக்கு 6.55957 பிராங்க் என்று நிலையாக வைத்திருந்தார்கள். அதன்படி 99 பிராங்க் என்பது 15 யூரோ 9 சென்ட். அப்படியே மாற்றினால் 15-ஐத் தாண்டிவிடும். பத்து சென்ட் குறைத்து 15-க்குக் கீழே கொண்டுவந்தார்கள். நூறுக்கு ஒன்று குறைவான விலை வாங்குபவர் மனதில் என்ன செய்யும் என்று கிண்டல் செய்த புத்தகம், நாணயம் மாறியபோதும் அதே விதியைப் பிசகாமல் கடைப்பிடித்தது. கிண்டலும் செய்யலாம், விற்கவும் செய்யலாம் என்கிற இந்த இரட்டை வேலைதான் பெக்பெடே மேல் எல்லோருக்கும் இருக்கிற சந்தேகம். விளம்பரத்தைத் திட்டுகிற புத்தகம் விளம்பரம் மாதிரியே விற்கப்பட்டதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த முரண்பாட்டை அவர் ஒளிக்கவில்லை, அட்டையிலேயே அச்சடித்துவிட்டார்.

சும்மா ஒரு இடைச்செருகல்: வேலை போன பிறகு 2002 ஜனாதிபதித் தேர்தலில் அவர் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் ரொபேர் ஊவின் பிரசாரத்துக்கு ஆலோசனை சொன்னார். கிடைத்த வாக்கு 3.37 சதவீதம். தயிரைவிட வேட்பாளரை விற்பது கஷ்டம் போல. ஆனால் வேறொரு பிராண்டிங் வேலை அவருக்கு அருமையாகப் பலித்தது. 1994-ல் அவர் தொடங்கிய ஃப்ளோர் பரிசு. பாரிசின் கஃபே தெ ஃப்ளோர் பெயரில் கொடுக்கப்படுகிறது. பணம் உண்டு, அதோடு வருடம் முழுக்க தினமும் அந்தக் கஃபேயில் ஒரு கோப்பை புயி-ஃபூமே வெள்ளை ஒயினும் உண்டு, வென்றவர் பெயர் பொறித்த கோப்பையில். காசோலை தருகிற பரிசுகள் எத்தனையோ உண்டு. ஃப்ளோர் பரிசு என்றால் ஜனங்களுக்கு அந்தக் கோப்பைதான் ஞாபகம் வருகிறது.

இந்த மரபு பெக்பெடேயோடு ஆரம்பித்தது என்று நினைத்துவிடாதீர்கள். பால்சாக் நாவலாசிரியராகப் பெயர் எடுப்பதற்கு முன் 1826-ல் பாரிசில் ஒரு அச்சகம் வைத்தார். அங்கே அவர் அச்சடித்த முதல் சரக்கு, நீண்ட ஆயுள் தரும் என்று சொல்லிக்கொண்ட ஒரு மாத்திரையின் விளம்பரத் துண்டறிக்கை. 1828-ல் அச்சகம் மூழ்கி, கடன் மட்டும் மிஞ்சியது. ஆனால் அந்தத் துண்டறிக்கை மொழி அவர் காதில் ஒட்டிக்கொண்டது. 1837-ல் வந்த 'செசார் பிரோத்தோ' நாவலில் வாசனைத் திரவிய வியாபாரி ஒருவர் தன் அழகுக் களிம்புக்கு எழுதிய விளம்பரத்தை பால்சாக் முழுசாகக் கதைக்குள் வைத்திருக்கிறார். பிரான்சின் உயர் அறிஞர் கழகமான இன்ஸ்டிட்யூட்டே அங்கீகரித்தது என்கிற வகையறா பீற்றல் எல்லாம் அதில் உண்டு. பிரோத்தோ அப்புறம் தலைமுடி எண்ணெய் விற்கக் கிளம்புகிறார். அதற்கு முன் வோக்லேன் என்ற வேதியியல் அறிஞரிடம் யோசனை கேட்கப் போகிறார். எந்த எண்ணெயும் முடியை வளர்க்காது என்று அவர் சொல்லிவிடுகிறார். விற்பனை நிற்கவில்லை என்பது வேறு விஷயம். வோக்லேன் கற்பனை ஆள் இல்லை. 1829-ல் இறந்த நிஜ விஞ்ஞானி. நிஜப் பெயரைக் கதைக்குள் நடமாடவிட்டால் எண்ணெய்க்கும் நம்பகம் கூடும், கதைக்கும் நம்பகம் கூடும் என்று பால்சாக்குக்குத் தெரிந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தெலாகூரிடம் வரும்போது தேவைப்படும்.

எமில் ஸோலா 1883-ல் ஒரு பெரிய துணிக்கடையை மையமாக வைத்து எழுதிய நாவலும் இந்த வரிசைதான். பான் மார்ஷே போன்ற நிஜக் கடைகளில் உட்கார்ந்து குறிப்பெடுத்து எழுதினார். கடை முதலாளி கடைப்பெயர் அச்சிட்ட பலூன்களைக் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுப்பார். குழந்தைகள் அதைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக விளம்பரம் செய்யும். அந்த முதலாளி பெயரும் ஆக்டேவ் தான், ஆக்டேவ் மூரே.

இனி தெலாகூர். 1960-ல் வடக்கே பெல்ஜிய எல்லைக்குப் பக்கத்தில் வலென்சியெனில் பிறந்தவர். எண்பதுகளிலிருந்து விளம்பரத் தொழில். 2004-ல் மனைவியோடு சேர்ந்து சொந்த ஏஜென்சி தொடங்கினார். அதன் பெயர் கெல் பெல் ழூர்னே, 'என்ன அழகான நாள்' என்று அர்த்தம். ஆக இவர் சம்பளத்துக்கு வாசகம் எழுதியவர் மட்டும் இல்லை, நிறுவனம் நடத்தியவர். உங்கள் கேள்வியில் உள்ள ஆளுக்கு இவர்தான் நெருக்கம். முதல் நாவல் 2011-ல், ஐம்பது வயதில். ஏழு வயதில் மூன்று சுமாரான எதுகை எழுதியதற்காகக் குடும்பமே "இவன்தான் நம் வீட்டு எழுத்தாளன்" என்று முத்திரை குத்திவிட்ட ஒருவன், வளர்ந்து விளம்பரக்காரன் ஆகிறான். அதுதான் கதை. சொந்த வாழ்க்கைச் சாயல் இருப்பது தெரியும்.

அடுத்த வருடமே, 2012-ல், 'என் ஆசைகளின் பட்டியல்' வந்தது. அது பிரான்சைக் கலக்கிவிட்டது. பல மொழிகளுக்குப் போனது, நாடகமானது, படமானது. வட பிரான்சின் அராஸ் நகரத்தில் ழோஸ்லின் கெர்பெத் என்ற 47 வயதுப் பெண். ஊசி, நூல், பொத்தான் விற்கிற சின்னக் கடை. பிரெஞ்சில் இந்த மாதிரிக் கடைக்குத் தனிப்பெயரே உண்டு. தையல் பற்றி இணையத்தில் எழுதுவாள். கணவன் பெயரும் கேட்க அதே மாதிரிதான், ழோஸ்லேன். ஹாகன்-தாஸ் ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் வேலை. ஒருநாள் அவளுக்கு யூரோமில்லியன்ஸ் லாட்டரியில் 1,85,47,301 யூரோ 28 சென்ட் விழுகிறது. அவள் யாரிடமும் சொல்வதில்லை. காசோலையை வீட்டில் ஒளித்து வைக்கிறாள்.

கவனியுங்கள், தொகையை எப்படிக் கொடுத்திருக்கிறார் என்று. 'கோடி கோடியாக' என்று போகவில்லை. கடைசி 28 சென்ட் வரை இருக்கிறது. 99 பிராங்குக்குப் பின்னால் இருந்த அதே கூர்மைதான். முழு எண் பொய் மாதிரி தெரியும், சில்லறை ஒட்டியிருந்தால் ரசீது மாதிரி தெரியும். ஹாகன்-தாஸ் விஷயமும் அப்படித்தான். அராஸுக்குப் பக்கத்தில் நிஜமாகவே அந்தக் கம்பெனியின் தொழிற்சாலை இருக்கிறது. பெயரைக் கேட்டால் டென்மார்க் சரக்கு என்று தோன்றும். ஆனால் அது நியூயார்க்கில் ஐஸ்கிரீம் வியாபாரம் செய்த குடும்பம் உருவாக்கிய வெற்று ஓசை, டேனிஷ் மொழியில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. வாசகர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பிராண்டிங் ஆளான தெலாகூர், கதாநாயகியின் புருஷனைக் கொண்டுபோய் அந்தத் தொழிற்சாலையில் நிறுத்தியதை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பணம் வந்ததும் அவள் பட்டியல் போடுகிறாள். தேவைகளின் பட்டியல் ஒன்று, ஆசைகளின் பட்டியல் ஒன்று, கிறுக்குத்தனங்களின் பட்டியல் ஒன்று. தேவைகள் என்று அவள் எழுதுவது வீட்டு முகப்பு மேஜைக்கு ஒரு விளக்கு, கோட்டு மாட்ட ஒரு ஸ்டாண்டு, இந்த மாதிரி. ஒன்றே முக்கால் கோடிக்கும் மேல் யூரோ வைத்திருக்கிறவளின் தேவை ஒரு விளக்கு! கணவனுக்கோ போர்ஷ் கார், தட்டைத் திரை டிவி, ஜேம்ஸ் பாண்ட் டிவிடி தொகுப்பு. இருவருடைய வர்க்கமும் வயதும் கனவும், ஒருவரை ஒருவர் எவ்வளவு குறைவாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதும், எந்த வர்ணனையும் இல்லாமல் அந்தப் பட்டியல்களிலேயே வந்துவிடுகிறது. நுகர்வோர் ஆய்வு அறிக்கைகளில் வருடக்கணக்காக இப்படிப் பட்டியல்களைப் பார்த்தவர்தான் இவ்வளவு சிக்கனமாக எழுதுவார். அங்கே அந்தப் பட்டியல் ஒரு பொருளை விற்பதற்குப் பயன்படும். இங்கே, எதையும் வாங்க வேண்டாம் என்று நினைக்கிற ஒருத்தியைக் காட்டப் பயன்படுகிறது. அதன் பிறகு காசோலைக்கு என்ன ஆனது என்று சொல்லிக் கதையைக் கெடுக்க மாட்டேன். நல்லது நடக்காது என்று மட்டும் சொல்கிறேன்.

வம்பு 2013-ல் வந்தது. மூன்றாவது நாவல், 'நாம் முதலில் பார்ப்பது'. வட பிரான்சின் சோம் பகுதியில் லோங் என்ற குட்டி ஊர். ஆர்தர் த்ரெய்ஃபுஸ், இருபது வயது கார் மெக்கானிக். 2010 செப்டம்பர் 15 அன்று யாரோ கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால் ஹாலிவுட் நடிகை ஸ்கார்லெட் ஜோஹான்சன். கொஞ்ச தூரம் போனதும் அவள் நடிகை இல்லை, அச்சு அசலாக அவளைப் போலவே இருக்கிற ழனீன் ஃபூகாம்ப்ரே என்ற பெண் என்று தெரிகிறது. அந்த முகம் அவளுக்கு வரமாக இல்லை. யாரும் அவளைப் பார்ப்பதில்லை. எல்லோரும் இன்னொருத்தியைத்தான் பார்க்கிறார்கள்.

நல்ல கரு. ஆனால் நிஜ ஜோஹான்சன் வழக்குப் போட்டுவிட்டார். 50,000 யூரோ நஷ்டஈடு, மொழிபெயர்ப்புக்கும் திரைப்படத்துக்கும் தடை என்று கேட்டார். ஆசிரியர் தரப்பில் ஆச்சரியம். இதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொள்வார் என்று தெலாகூர் நினைத்திருந்தாராம். 2014 ஜூலை 2 அன்று பாரிஸ் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: 2,500 யூரோ. மொழிபெயர்ப்புக்கோ படத்துக்கோ தடை இல்லை. நாவல் பின்னர் ஆங்கிலத்திலும் வந்தது.

எதற்காக அந்த 2,500 என்பதுதான் சுவாரசியம். நடிகையின் பெயரைக் கதையில் வைத்ததற்கோ, அவரைப் போல ஒரு பெண்ணை உருவாக்கியதற்கோ தண்டனை இல்லை. அவருக்கு இல்லாத இரண்டு காதல் விவகாரங்களை இருந்ததாக நாவல் எழுதியிருந்தது. பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் 9-ஆம் பிரிவு எல்லோருக்கும் அந்தரங்க வாழ்க்கைக்கான மரியாதையை உரிமையாக்குகிறது, 1970-லிருந்து. நட்சத்திரமும் அந்த எல்லோரில் ஒருவர். விளம்பரத்தில் ஒரு நடிகையின் பெயரைச் சொன்னால் அது ஒரு பிம்பம். அதற்கு ஒப்பந்தம் இருக்கும், விலை இருக்கும், கெடு இருக்கும். தெலாகூர் நாவலிலும் பெயரை அப்படியே பிம்பமாகத்தான் எடுத்து வைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆர்தரை அறிமுகப்படுத்தும்போதே ஹாலிவுட் நடிகர் ரயன் காஸ்லிங் சாடை, அவரைவிட அழகு என்கிற மாதிரிதான் எழுதுகிறார். அந்த அளவில் நின்றவரை தொந்தரவு இல்லை. பிம்பத்துக்கு ஒரு வாழ்க்கை வரலாற்றைக் கற்பித்த இடத்தில் சட்டம் குறுக்கே வந்தது. பால்சாக்கின் வோக்லேன் நாவல் வருவதற்கு எட்டு வருடம் முன்பே இறந்துவிட்டார், அதனால் வழக்குப் போட ஆள் இல்லை! பெக்பெடே டானோனை மடோன் ஆக்கியதன் புத்திசாலித்தனமும் இப்போது புரியும். ஒரே ஒரு எழுத்துதான் புதுசு, யாரைச் சொல்கிறார் என்று பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும், ஆனால் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வழி இல்லை.

பெயர் விஷயத்தில் பிரான்ஸ் பொதுவாகவே வழக்குப் பிரியமுள்ள நாடு. ரெனோ கம்பெனி தன் மின்சாரக் காருக்கு ஸோயே என்று பெயர் வைத்தபோது, ரெனோ என்ற குடும்பப் பெயரும் ஸோயே என்ற பெயரும் கொண்ட பெண் குழந்தைகளின் பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். பள்ளியில் பிள்ளையைக் கிண்டல் செய்வார்கள் என்று கவலை. 2010 நவம்பரில் பெற்றோர் தோற்றார்கள். குழந்தைக்கு உறுதியான, நேரடியான பாதிப்பு இருப்பதாகக் காட்ட முடியவில்லை என்றது நீதிமன்றம். அதற்கு முன்னால் 1993-ல் ஈவ் சாங் லோரான் தன் வாசனைத் திரவியத்துக்கு ஷாம்பெய்ன் என்று பெயர் வைக்க, ஒயின் தயாரிப்பாளர்கள் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். அந்த சென்ட் பிற்பாடு ஈவ்ரெஸ் என்ற பெயரில் விற்றது. பிராண்டிங் ஆட்களின் அன்றாடமே இதுதான்: நூற்றுக்கணக்கில் பெயர் யோசித்து, பதிவேட்டில் தேடி, வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று பார்த்து, மிச்சமிருக்கிற நாலைந்தை மட்டும் கிளையன்டிடம் கொண்டுபோவது. அதில் பழகியவர்கள் கதாபாத்திரத்துக்குப் பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்களாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ழனீன் ஃபூகாம்ப்ரே என்ற பெயரை ஸ்கார்லெட் ஜோஹான்சனுக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பெண்ணின் மொத்தத் துயரமும் அந்த இரண்டு பெயர்களுக்கு நடுவில் இருக்கிறது.

பலவீனத்தையும் சொல்ல வேண்டும். போஸ்டரைக் கடந்து போகிறவர் அதைப் பார்ப்பதே ஒரு நொடிதான். அதில் அவரை நிறுத்த வேண்டும். பல வருடம் அதையே செய்தவருக்கு ஒவ்வொரு பத்தியையும் முத்தாய்ப்போடு முடிக்காமல் கை நிற்காது. 99 பிராங்கில் பக்கத்துக்குப் பக்கம் பஞ்ச் டயலாக். ஐம்பது பக்கம் வரை துள்ளிக்கொண்டு படிக்கலாம். பிறகு வெறும் மிளகாயாகவே சாப்பிடுகிற மாதிரி ஆகிவிடுகிறது. தெலாகூருக்கு வேறு வியாதி, அவருடைய அத்தியாயங்கள் உருகி உருகி முடியும். கண்ணீர் எங்கே வர வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைத்த மாதிரி இருக்கும். முப்பது விநாடி டிவி படத்தில் இது பெரிய திறமை. நாவலில் வாசகர் கொஞ்சம் தனியாக விடப்பட விரும்புவார்.

இருவருமே தங்கள் சிறந்த பக்கங்களை எழுதியது இந்தப் பழக்கம் தளர்ந்தபோதுதான் என்பது என் அபிப்பிராயம். பெக்பெடே 2008 ஜனவரியில் பாரிசில் ஒரு கார் பானெட் மேல் கொக்கைன் வைத்து உறிஞ்சியபோது போலீசில் பிடிபட்டு, இரண்டு நாள் காவலில் கிடந்தார். அந்தச் சிறைக்கூண்டில், தனக்குச் சிறுவயது ஞாபகமே இல்லையே என்று யோசிக்க ஆரம்பித்து எழுதியது 'ஒரு பிரெஞ்சு நாவல்'. 2009-ல் ரெனோதோ இலக்கியப் பரிசு பெற்றது. விற்பதற்கு எந்தத் தயிரும் அதில் இல்லை. பெற்றோரின் விவாகரத்து, அண்ணன், பாஸ்க் கடற்கரையில் தாத்தா என்று நிதானமாகப் போகிறது. அங்கேயும் பெயர்த் தகராறு விடவில்லை. பாரிஸ் அரசு வழக்கறிஞரைப் பற்றி அவர் காட்டமாக எழுதிய பகுதிகளைப் பதிப்பகம் வெளியீட்டுக்கு முன்பே மென்மையாக்கியது.

தெலாகூர் விஷயம் இன்னும் கனமானது. 2021-ல் அவர் எழுதிய தன்வரலாற்றுப் புத்தகத்தில், சிறுவயதில் தன் தந்தையால் தான் பாலியல் வன்முறைக்கு ஆளானதை வெளிப்படையாகச் சொன்னார். அதைப் படித்துவிட்டுத் திரும்ப 2011-ன் முதல் நாவலுக்குப் போனால், ஏழு வயதுப் பையனைக் குடும்பமே கொண்டாடுகிற அந்த வேடிக்கைக் காட்சி வேறு மாதிரி தெரியும். அவர் ஏன் ஐம்பது வயதுவரை காத்திருந்தார் என்று கேட்பவர்களுக்கு "விளம்பர வேலையில் நேரம் கிடைத்திருக்காது" என்ற பதில் இனிமேல் போதாது.

கடைசியாக, எதில் தொடங்குவது என்று கேட்பீர்கள். இருவருடைய முக்கியமான புத்தகங்களும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. விளம்பரத் துறையில் இருப்பவர் என்றால் 99 பிராங்க். ஆங்கிலத்தில் அதன் பெயர் பவுண்டு விலையாக மாறியிருக்கும், அதையும் ரசிக்கலாம். துறைக்குச் சம்பந்தம் இல்லாதவர் என்றால் லாட்டரி விழுந்த ழோஸ்லின் கதை. இரண்டு நாளில் முடித்துவிடலாம், சின்னப் புத்தகம். விளம்பர எழுத்தே பிடிக்காதவருக்கு 'ஒரு பிரெஞ்சு நாவல்'. 99 பிராங்கை 2007-ல் யான் கூனென் படமாக எடுத்திருக்கிறார், ழான் துழார்தேன் என்ற நடிகர் ஆக்டேவாக நடித்தார். நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனால் படத்தை முதலில் பார்த்துவிட்டால் தயிர் மீட்டிங்கின் வசனங்கள் எல்லாம் அவர் குரலில்தான் கேட்கும். அதனால் புத்தகத்தை முதலில் படித்துவிடுங்கள்.